ஐயாவின் கழுத்து

பதவியை விட்டு இறங்கியபோது பழையவர் கையோடு எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. உண்மைதான், கையோடு எடுத்துப் போகவில்லை. எல்லாம் லாரியில் வந்தது. நாற்காலி, மேசை, மேசைமேல் இருந்த அழைப்பு மணி, மணி அடித்தால் ஓடிவரும் ஆள், அந்த ஆளுக்குப் பின்னால் ஓடிவரும் அமைச்சரவை என்று ஒவ்வொன்றாக அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. தலைமை அலுவலகத்தில் புதியவர் போய் உட்கார இடம் தேடியபோது அங்கே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் மறுநாள் வந்து கழற்றிப் போனார்கள்.

ஆறு வருடமாகியும் புதியவர் புதியவர்தான். பழையவரைப் பழையவர் என்று நாம் சொல்லிக்கொள்வது இந்தக் கதைக்குள் மட்டும், வெளியே சொல்லி வைக்காதீர்கள். அரசாங்கக் காகிதங்களில் அவர் 'என்றும் தலைவர்'. நேரில் 'ஐயா'. அவரை 'முன்னாள்' என்று குறிப்பிடுவது தண்டனைக்குரிய குற்றம். அப்படி ஒரு குற்றம் இருப்பதே தெரியாமல் அதைச் செய்துவிட்டு உள்ளே போனவன் ஒருவன் உண்டு. பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருந்தான். பாலத் திறப்புக்கு ஒரு வரவேற்பு பேனர் கேட்டார்கள். அவன் தன் புத்தியை உபயோகித்தான். இவர் இப்போது தலைவர் இல்லை, முன்பு இருந்தார், ஆகவே முன்னாள். 'எங்கள் முன்னாள் தலைவர் அவர்களே வருக' என்று பாலத்தின் அகலத்துக்கு அடித்துக் கொடுத்துவிட்டான். விழா முடிவதற்குள் வீட்டுக்கு வந்து தூக்கிப் போனார்கள். செருப்புப் போடக்கூட விடவில்லை. 'முடியாத ஒன்றை முடிந்ததாகக் காட்டி மக்களைக் கலங்கடித்தான்' என்று குற்றப்பத்திரிகையில் எழுதியிருந்தார்கள்.

அவனுடைய அண்ணன்தான் நம் ஆள். அரசு மருத்துவமனையில், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கும் அறையில், விழுந்த கையையும் பிடித்துக்கொண்ட இடுப்பையும் நிமிர்த்துகிற வேலை. இயன்முறை மருத்துவர் என்று வாசலில் பலகை உண்டு. நோயாளிகள் 'பிசியோ' என்றே கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம். வேலையில் கெட்டிக்காரன். அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. உடம்பைப் பிடித்துவிடும்போது பேசிக்கொண்டே இருப்பான். பேசிக்கொண்டிருந்தால் நோயாளிக்கு வலி தெரியாது என்பது அவன் கண்டுபிடிப்பு. அந்தப் பழக்கம்தான் கடைசியில் அவன் தலையில் மண்ணை வாரிப் போட்டது. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஒருநாள் பகல் அவனுக்கு ஐயா வீட்டிலிருந்து கார் வந்தது. போகும்போது தம்பி மனைவி காருக்குப் பின்னாலேயே தெருமுனை வரை ஓடிவந்தாள். "மாமா, எப்படியாவது அவர் காதுல போட்டுருங்க மாமா" என்று கத்தினாள். டிரைவர் கண்ணாடியை ஏற்றினான்.

வீட்டு வாசலில் அவன் பையைச் சோதித்தார்கள், பிறகு அவன் வாயைச் சோதித்தார்கள். வாயைச் சோதிப்பதென்றால், ஒரு அதிகாரி எதிரில் உட்கார்ந்து, "ஐயா பதவியில..." என்று ஆரம்பித்து நிறுத்துவார். வந்தவர் மீதியைச் சொல்ல வேண்டும். "இருந்தார்" என்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான், அல்லது வேறு வழியே போக வேண்டியதுதான். தம்பியைப் பறிகொடுத்த பிசியோ அடக்கமாக, "இருக்கார்" என்றான். கதவு திறந்தது.

உள்ளே செயலாளர் காத்திருந்தார். பழையவர் பதவியில் இருந்தபோது அவருக்குக் குடை பிடித்தவர், இப்போது நாட்டையே பிடித்துக்கொண்டிருப்பவர். தடித்த கண்ணாடி, குழைவான பேச்சு.

"இந்த வீட்டுக்கு எந்த அதிகாரமும் கிடையாது, தெரியுமில்ல?" என்றார். "நாங்க எதுலயும் தலையிடறதில்ல. ஐயாகிட்ட வந்து அபிப்பிராயம் கேக்கறாங்க. ஐயா சொல்றார். அப்புறம் அவங்க இஷ்டம். அவங்க இஷ்டப்படி நடந்தவங்க யாரும் இப்ப பதவியில இல்ல. அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

"ஆமாங்க" என்றான் பிசியோ.

"முன்ன மாதிரி இல்ல தம்பி. முன்னெல்லாம் அதிகாரம் இருந்துச்சு, கூடவே பொறுப்பும் இருந்துச்சு. பேப்பர்ல திட்டுவான், தேர்தல்ல தோக்கடிப்பான். இப்ப பொறுப்பு பூரா புதியவர்கிட்ட. பாவம் மனுஷன், முடி கொட்டிப்போச்சு. ஐயா முகத்தைப் பாருங்க, எப்படி மின்னுது!"

மின்னுகிற முகம் கூடத்தின் நடுவில், லாரியில் வந்த நாற்காலியில் இருந்தது. பேச்சு நின்று இரண்டு வருடம். மௌன விரதம் என்று அரசாணை போட்டிருந்தார்கள். முகத்துக்குக் கீழே ஒரு மெலிந்த கழுத்து. அந்தக் கழுத்தின்மேல் தலை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. பிசியோவுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. வயதானவர்களுக்கு வருகிற நடுக்கம். கைக்கு வந்தால் தேநீர் சிந்தும், அவ்வளவுதான். இவருக்குத் தலைக்கு வந்திருந்தது.

அவன் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு அமைச்சர் கோப்போடு வந்து, தரையில் முட்டி போட்டு, கோப்பை ஐயாவின் மடியில் வைத்துத் தலைப்பைப் படித்தார். பக்கத்தில் சீருடை போட்ட ஒருவர் எழுந்து நின்றார். அவர் அசைவு அலுவலர். தலையை உற்றுப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணு... ரெண்டு... மூணு... சம்மதம்!" என்று உரக்கச் சொன்னார். அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மூன்று அசைவுதான் கணக்கு. ஐயாவின் தலையோ காலையில் எழுந்தது முதல் தூங்கும் வரை நிற்பதே இல்லை.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. அணையைத் திறக்க வேண்டும் என்று ஒரு அமைச்சர் வந்தார், சம்மதம். மூட வேண்டும் என்று இன்னொருவர் வந்தார், அதற்கும் சம்மதம். அணைக்காரர்கள் காலையில் திறந்து மாலையில் மூடினார்கள். துறைமுகத் தலைவர் பதவிக்கு இரண்டு பேருக்கு உத்தரவு போயிருந்தது. இருவரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, ஒருவர் போட்ட கையெழுத்தை இன்னொருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அமைச்சர் பதவி உயர்வு கேட்டுக் கொடுத்த கோப்பும், அவரைப் பதவி நீக்கக் கேட்டு அவருடைய சம்பந்தி கொடுத்த கோப்பும் ஒரே நாளில் சம்மதம் பெற்றன. அவர் இப்போது உயர்ந்த நிலையில் வீட்டில் இருக்கிறார்.

ஒரே ஒரு தடவைதான் தலை பக்கவாட்டில் ஆடியது. மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து மடியில் இருந்தது பள்ளிப் புத்தகத் துறையின் ஆண்டறிக்கை. துறையையே கலைத்துவிட்டார்கள். அதில் வேலை பார்த்தவர்கள் இன்னும் தினமும் கட்டடத்துக்கு வந்து, வாசலில் நின்றுவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போகிறார்கள். ஈ யாருடைய ஏற்பாடு என்று விசாரணைக் குழு தேடிக்கொண்டிருக்கிறது.

"பெரிய டாக்டர் என்ன சொல்றாருங்க?" என்று பிசியோ கேட்டான்.

"இது வியாதி இல்ல, தாராள மனசுங்கறார். ஆனா கொஞ்சம் குறைச்சுக்கலாம்னு மாத்திரை கொடுத்திருக்கார்" என்ற செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "தலை ஆடணும் தம்பி. ஆடாம இருந்தா நாடு என்னாகறது? ஆனா கண்டபடி ஆடக் கூடாது. வேணுங்கறப்ப ஆடணும். புரியுதா?"

"புரியுதுங்க. என் தம்பி விஷயம்..."

"உள்ள இருக்கான். தெரியும். அதனாலதானே உங்களைக் கூப்பிட்டோம்" என்று செயலாளர் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். "உள்ள ஆள் இருக்கறவங்க வேலையை ஒழுங்கா செய்வாங்க. முதல்ல கழுத்தைக் கவனிங்க. சின்ன கேஸு அது. சின்ன கேஸை அவசரப்பட்டுப் பெரியவங்ககிட்ட கொண்டு போனா பெருசாயிடும்."

அன்று முதல் பிசியோ தினமும் வந்தான். காலையில் கோப்புகள் வருவதற்கு முன்னால் ஐயாவின் அறையில் அவனும் ஐயாவும் மட்டும். கழுத்துக்குச் சூடு வைப்பான், தோள்பட்டையைத் தளர்த்துவான், பிறகு பயிற்சி. உள்ளங்கையை ஐயாவின் நெற்றியில் வைத்து, "என் கையைத் தள்ளுங்க ஐயா, நான் விடமாட்டேன், நீங்க தள்ளுங்க" என்பான். பிறகு வலது கன்னத்தில், பிறகு இடது கன்னத்தில். முதலில் அந்தத் தலை வாழைத்தண்டு மாதிரி அவன் கையில் சாய்ந்தது. தொண்டைக்கும் தாடைக்கும் தனிப் பயிற்சி. "ஆ சொல்லுங்க ஐயா. ஊ சொல்லுங்க." காற்று மட்டும் வந்தது.

மனசுக்குள் அவனுக்கு அந்தக் கிழவர்மேல் இரக்கம் ஊறிவிட்டது. பாவம், தன் தலை தன் பேச்சைக் கேட்கவில்லை, ஆளாளுக்கு வந்து அதில் நாட்டை ஏற்றிவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வான். கழுத்து மட்டும் தேறிவிட்டால் இவரே தன் தலையை நிறுத்திக்கொள்வார், தனக்கு வேண்டியதற்கு ஆட்டுவார், வேண்டாததற்கு மறுப்பார், மனிதர் மனிதராக இருப்பார். அதற்காகவே கூடுதலாக அரைமணி நேரம் இருந்து பாடுபட்டான். நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்களால் இந்த உலகத்துக்கு வந்த கேட்டைத் தனியாக எழுத வேண்டும்.

பழக்கதோஷம், பேச்சும் கூடவே போனது. மழை, மருத்துவமனை, பஸ் கூட்டம், கடைசியில் தம்பி. கொண்டுவரும் காகிதத்தை வாசலில் பிடுங்கிவிடுவார்கள், வாயைப் பிடுங்க முடியாதே.

"ஒரு வார்த்தைதாங்க ஐயா. பேனர்ல முன்னாள்னு போட்டுட்டான். வேற ஒரு தப்பும் பண்ணல. வெகுளி. ஆறு மாசமா உள்ள கிடக்கான். போன வாரம் போய்ப் பார்த்தேன், காலெல்லாம் புண்ணு. கல்லு உடைக்கிற இடத்துல வெறுங்காலோட விட்டிருக்காங்க."

ஐயாவின் கண் கலங்கியது. ஒரு சொட்டு நீர் கன்னத்தில் இறங்கியது. பிசியோ பதறிப்போய்த் துண்டால் துடைத்தான். அன்று மதியம் வீட்டுக்கு வந்து மனைவியிடமும் தம்பி மனைவியிடமும் சொன்னான்: "மனுஷனுக்கு எல்லாம் கேக்குது. நம்ம பையன் கதையைக் கேட்டு அழுதுட்டார்."

தம்பி மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். பிசியோவின் மனைவி பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பவள்.

"சாமி அழுதுருக்கலாம்" என்றாள். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணுமே. அந்தச் செயலாளரைக் கெட்டியா புடிங்க."

செயலாளர்தான் அவனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து வேலை செய்ய, ஒருநாள் காலை ஐயாவின் தலை அசையாமல் நின்றது. வீடே நடுங்கிப்போனது. வரிசையில் நின்ற அமைச்சர்கள் கோப்புகளைக் கீழே போட்டார்கள். அசைவு அலுவலர், "ஒண்ணு..." என்று ஆரம்பித்து, அடுத்தது வராமல், வாயைத் திறந்தபடியே நின்றார். பிசியோ அவசரமாகப் போய் நாற்காலிக்குப் பின்னால் நின்று, எங்காவது பிடித்துக்கொண்டுவிட்டதா என்று பிடரியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். தாடை இறங்கியது. விட்டான், ஏறியது.

"ரெண்டு!" என்று கத்தினார் அசைவு அலுவலர்.

செயலாளர் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். முப்பது வருடம் குடை பிடித்தவர் வானத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அதற்குப் பிறகு பிசியோவின் இடம் நாற்காலிக்குப் பின்னால். செயலாளர் கண்ணாடியைக் கழற்றினால் சம்மதம், பிடரியில் மூன்று அழுத்து. கண்ணாடியைத் துடைத்தால் மறுப்பு, காதுக்குப் பின்னால் ஒரு நெட்டு. சும்மா இருந்தால் ஐயா யோசிக்கிறார் என்று அர்த்தம், கோப்பு அடுத்த மாதம் வரலாம். ஒரே வாரத்தில் அணை ஒழுங்காக மூடிக்கொண்டது. துறைமுக நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து போனார். ஐயாவின் அறிவு முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது என்று பத்திரிகைகள் தலையங்கம் எழுதின.

பிசியோவின் கட்டைவிரலுக்கு ஒரு போலீஸ்காரரைக் காவலுக்குப் போட்டார்கள். அவனுக்கு இல்லை, விரலுக்கு. அவன் தண்ணீர் வாளியைத் தூக்கக் கூடாது, கத்தியை எடுக்கக் கூடாது, கதவைச் சாத்தும்போது போலீஸ்காரர் முன்னால் வந்து சாத்துவார். வீட்டில் ஒரு மூலையில் நின்றுகொண்டு இமைக்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"விரலுக்கும் போலீஸ், தம்பிக்கும் போலீஸ்" என்றாள் மனைவி. "குடும்பமே காவல்லதான் இருக்கோம்."

ஒருநாள் புதியவரே அவனைத் தனியாகக் கூப்பிட்டார். ஐயா முன்னால் எப்போதும் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துப் பார்த்து அவர் கழுத்து மேல்பக்கமாக நின்றுவிட்டிருந்தது. கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"எல்லாரும் என்னை ஐயாவோட பொம்மைங்கறாங்க. நான் அப்படி இல்ல. நான் யாரையும் கேக்காம சுயமா முடிவெடுக்கறவன். அப்படி எடுக்கலாம்னு ஐயாவே சம்மதம் சொல்லியிருக்கார். நீங்கதானே பின்னால நின்னீங்க? பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேங்க" என்றான் பிசியோ. அன்று செயலாளர் வேர்வையைத் துடைக்கத்தான் கண்ணாடியைக் கழற்றினார் என்பதை அவன் சொல்லவில்லை. அதற்குப் பதில் தம்பி விஷயத்தைச் சொன்னான்.

புதியவர் கூரையைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டார். "என்கிட்ட சொல்லி என்னப்பா பண்றது? நான் தலைவர்தானே."

தம்பிக்குக் காலில் சீழ் வைத்துவிட்டது என்று செய்தி வந்தது. சிறை ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, இப்படியே போனால் பாதத்தை எடுக்க வேண்டி வரும் என்றார்கள். பிசியோ செயலாளர் காலில் விழாத குறை. செயலாளர் கெட்டவர் இல்லை. தனக்கு நஷ்டமில்லாத நன்மையைச் செய்ய அவர் என்றைக்கும் தயங்கியதில்லை.

"துறவு நாள் வருதில்ல? அன்னிக்கு வைக்கறேன்" என்றார்.

துறவு நாள் என்பது ஐயா பதவியைத் துறந்த நாள். ஐயா பதவியில்தான் இருக்கிறார் என்பது சட்டம், ஐயா பதவியைத் துறந்தார் என்பது விழா. இரண்டையும் ஒரே வாயால் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் மேடையில் இடம். அன்று சில கைதிகளை ஐயா கருணையோடு விடுவிப்பார்.

விழாவன்று கூடம் நிரம்பி வழிந்தது. தம்பி மனைவியை உள்ளே விடவில்லை. வாசலில், கணவனுக்கு மாற்றுச் சட்டை ஒரு பையிலும், அன்றைக்குப் போடாமல் போன செருப்பு கையிலுமாக நின்றாள். அப்படியே வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

செயலாளர் பேச எழுந்தார். "அதிகாரத்தைத் துறப்பது எளிதல்ல. ஐயா அதைத் துறந்தார். துறந்ததோடு நிற்கவில்லை. துறந்த அதிகாரம் தவறானவர்கள் கையில் போய்விடக் கூடாதே என்று இன்றுவரை அதைத் தானே பத்திரமாக வைத்திருக்கிறார். இப்படி ஒரு தியாகத்தை எங்காவது கண்டதுண்டா?" கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.

கோப்புகள் வந்தன. முதலாவது, வங்கியைச் சுரண்டிய ஒருவர், செயலாளருக்கு மைத்துனர். கண்ணாடி கழன்றது. மூன்று அழுத்து, சம்மதம். இரண்டாவது, மருந்தில் கலப்படம் செய்தவர். கண்ணாடி கழன்றது, சம்மதம். மூன்றாவதாக அசைவு அலுவலர் தம்பியின் பெயரையும் குற்றத்தையும் படித்தார். குற்றத்தைப் படிக்கும்போது அந்தச் சொல் வாயில் வரக்கூடாது என்பதால் அந்த இடத்தில் இருமினார்.

பிசியோ செயலாளரைப் பார்த்தான். செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். சொன்ன சொல் தவறாத மனுஷர்.

கட்டைவிரலைப் பிடரியில் வைத்து அழுத்தினான். தாடை இறங்கவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தினான். விரலுக்கு அடியில் ஏதோ கயிறு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அவனுக்கு அது தெரியும். அதன் பெயர் தெரியும், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும், எத்தனை நாள் காலையில் 'என் கையைத் தள்ளுங்க ஐயா, விடாதீங்க' என்று கெஞ்சி அதை உருவாக்கினான் என்பதும் தெரியும். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இவன் வளர்த்தது கடாகூட இல்லை, கழுத்துத் தசை.

ஐயாவின் தலை மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. பிறகு இடப்பக்கம். மறுபடியும் வலப்பக்கம். நடுக்கம் என்பதே இல்லை. அவன் சொல்லிக்கொடுத்தபடி, தோளை அசைக்காமல், மூச்சை விட்டுக்கொண்டு, அழகாகச் செய்தார். பிறகு தாடை திறந்தது. ஆ, ஊ என்று அவன் பழக்கிய தொண்டையிலிருந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு வந்தது.

"முன்னாள்னு போட்டவன்தானே?"

அசைவு அலுவலர் தன் தலையை ஆட்டினார்.

"கிடக்கட்டும்" என்றார் ஐயா.

பிறகு கூரை இடிந்துவிடும்போலக் கைதட்டினார்கள். ஐயா பேசிவிட்டார்! புதியவர் கூரையைப் பார்த்தபடியே தேம்பித் தேம்பி அழுதார். அமைச்சர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அசைவு அலுவலர் தன் வேலை போய்விட்டதை உணர்ந்து, எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். சந்தோஷத்துக்கு நடுவில் அந்தக் கோப்பை யாரோ எடுத்து, 'ஐயா மனம் மாறும் வரை' என்று எழுதி மூடினார்கள்.

பிசியோவுக்கு அன்று ஐயா அழுதது நினைவுக்கு வந்தது. துண்டால் துடைத்துவிட்டானே, அந்த ஒரு சொட்டு. அது இரக்கத்தில் வந்த கண்ணீர் இல்லை, ஆத்திரத்தில் வந்தது. இப்போது தெரிந்து என்ன? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே என்றாள் மனைவி. பூசாரி கொடுத்துவிட்டான். அவனுக்கு அழவேண்டும்போல இருந்தது, ஆனால் அதற்குள் அவனை மேடையேற்றிக் கழுத்தில் பதக்கம் மாட்டிவிட்டார்கள். ஐயாவின் சொந்தக் கருத்தை ஐயாவுக்கே மீட்டுக் கொடுத்தவன் என்று செயலாளர் அறிவித்தார். அதைச் சொல்லும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. இனிமேல் கண்ணாடியைக் கழற்றுவதும் துடைப்பதும் கண்ணாடிக்காக மட்டும்தான் என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

வாசலில் தம்பி மனைவி அவன் கழுத்தில் தொங்கிய பதக்கத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து ஓடிவந்தாள்.

"ஜெயிச்சுட்டீங்களா மாமா? அவர் எங்க? பின்னால வர்றாரா?"

அவள் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்து, கையிலிருந்த செருப்பை, வருகிறவர் போட்டுக்கொள்ள வசதியாக, தரையில் ஜோடியாக வைத்தாள்.

மூன்றாம் நாள் தம்பியின் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

அதற்கு மறுநாள் காலை கார் வந்தது. பிசியோ வரமாட்டேன் என்றான். டிரைவர் செயலாளரின் செய்தியைச் சொன்னான்: "ஐயா மனசு மாறணும்னா கழுத்து நல்லா இருக்கணுமாம். உங்க தம்பிக்கு இன்னொரு கால் இருக்காம். அதையும் சொல்லச் சொன்னார்."

மனைவி அவன் பையை எடுத்துக் கொடுத்தாள். கூட்டிப் பார்த்துவிட்டாள், விடை ஒன்றுதான்.

ஐயாவின் அறையில் வெயில் விழுந்திருந்தது. அவனும் ஐயாவும்தான், வழக்கம்போல. மூலையில் விரலுக்குக் காவலாக வந்த போலீஸ்காரர். அவருடைய உத்தரவு விரலைப் பார்ப்பது, ஆகவே விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிசியோ நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான். சூடு வைத்தான். இரண்டு கைகளையும் ஐயாவின் கழுத்தைச் சுற்றி வைத்தான். கட்டைவிரல்கள் பிடரியில், மற்ற எட்டு விரல்களும் முன்னால், தொண்டையின்மேல். கிழவரின் நாடித்துடிப்பு விரல் நுனியில் தெரிந்தது. மெல்லிய கழுத்துதான். கழுத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

வழக்கமாகப் பேசுகிறவன் அன்று பேசவில்லை. ஐயாவுக்கு அது ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும்.

"என்னப்பா, இன்னிக்கு சத்தத்தையே காணோம்?" என்றார். "தம்பி எப்படி இருக்கான்?"

விரல்கள் இறுகின. போலீஸ்காரர் ஒரு அடி முன்னால் வந்து, விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் நின்றார்.

"இருக்கான் ஐயா" என்றான் பிசியோ. "அழுத்தம் போதுங்களா?"

"இன்னும் கொஞ்சம்" என்று ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் இன்னும் கொஞ்சம் அழுத்தினான். வலிக்காமல் அழுத்துவதில் அவனுக்கு நிகராக அந்த நாட்டிலேயே ஒருவன் கிடையாது.